கனம் விழாத அடி

சாலோம்புரத்து வேதக்கோயிலில் பாடகர் குழுவுக்குத் தாளம் காட்டும் மெட்ரோனோம் ஆடத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில், ஊரில் இருந்த எல்லோருடைய நெஞ்சும், உப்பளத்துக்குப் போகிறவர்கள், பாங்கியில் உட்கார்ந்திருக்கிறவர்கள், ஆராதனைக்கு வருகிறவர்கள், முத்தாரம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள், தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகள் என்ற வித்தியாசம் எதுவும் இல்லாமல், ஒரே அடியில் துடிக்க ஆரம்பித்தது. அதை முதலில் கண்டுபிடித்தவள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் பாக்கியமணி. காய்ச்சல்காரனின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளைத்தாய்ச்சியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் கடிகாரம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மருந்து கொடுக்கிறவரின் கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் கையையும் பிடித்துப் பார்த்து, கடைசியில் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மெட்ரோனோமைக் கொண்டுவந்தது ஹெப்சிபா டீச்சர். பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பும் கோயிலில் பாடகர் குழுவும் அவள் பொறுப்பில் இருந்தன. பிரதிஷ்டை பண்டிகைக்குப் பேராயர் வருகிறார் என்றும், புதுப்பாட்டு ஒன்று வேண்டும் என்றும் குருவானவர் தேவசித்தம் சொன்னபோது, 'உப்பு மண்ணிலே உம் வீடு' என்று தொடங்கும் ஒரு பாட்டை எழுதி, அதற்கு மூன்று அடித் தாளத்தில் மெட்டும் போட்டாள். மெட்டு அழகாகத்தான் இருந்தது. குழுதான் அதைப் பாட மறுத்தது. சோப்ரானோ என்ற மேல்குரல் பாடும் பெண்கள் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும், பஸ் ஏறப்போகிற மகளின் கையை விட மனசில்லாததுபோலப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். பேஸ் என்ற கீழ்க்குரல் பாடும் ஆண்கள் அதற்குள் அடுத்த வரியையும் முடித்துவிட்டுச் செருமிக்கொண்டிருந்தார்கள். ஹெப்சிபா கைதட்டிப் பார்த்தாள், ஸ்கேலால் மேஜையில் அடித்துப் பார்த்தாள், ஸ்கேல் உடைந்தது. அப்போதுதான் கப்பலில் வேலை பார்க்கும் அவள் தம்பி ஏதோ ஒரு துறைமுகத்துப் பழைய சாமான் கடையிலிருந்து அந்தக் கருவியை வாங்கி அனுப்பினான்.

மரத்தால் செய்த சின்னக் கோபுரம்போல இருந்தது. முன்பக்கம் தலைகீழாக நிற்கும் ஒரு கம்பி, அதில் ஏற்றி இறக்குகிற மாதிரி ஒரு எடைக்கட்டி. கட்டியை மேலே தள்ளினால் மெதுவாக ஆடும், கீழே இறக்கினால் வேகமாக ஆடும், ஆடுகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு டக். இந்த மாதிரிக் கருவிகளில் முதல் அடியைக் காட்டுவதற்கு ஒரு சின்ன மணியும் இருக்கும், முதல் அடிக்கு மணி, மற்ற அடிகளுக்கு வெறும் டக் என்று. இதில் மணி இருந்த இடத்தில் துளை மட்டும்தான் இருந்தது. ஹெப்சிபா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரம் தவறாமல் இருந்தால் போதும் என்று நினைத்து, சாவி கொடுத்து, ஆர்மோனியத்தின் மேல் வைத்தாள். அது ஆடத் தொடங்கியது. பிறகு யாரும் சாவி கொடுக்காமலே ஆடிக்கொண்டிருந்தது.

ஊர் இதை அதிகம் யோசிக்கவில்லை. மாவட்டத்திலிருந்து ஒரு டாக்டர் காரில் வந்து, பத்துப் பதினைந்து பேரைப் படுக்கவைத்துப் பார்த்து, குறிப்பெடுத்துக்கொண்டே ஒரு டீ குடித்தார். டீ முடிவதற்குள் அவருடைய நெஞ்சும் வரிசைக்கு வந்துவிட்டது. எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டுப் போனார். பைபாஸ் ரோட்டைத் தொட்டதும் அவருடைய பழைய துடிப்பு அவருக்குத் திரும்பக் கிடைத்ததாகப் பிறகு போனில் சொன்னார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள். உப்பளத்தில் பெண்கள் இழுக்கும் பலகைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்து ஒரே நேரத்தில் எழுந்தன. கரையில் நின்று பார்த்தால், யாரோ ஒரு பெரிய பெண் வெள்ளைத் தரையைத் தனியாக வாரிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. குருவானவர் ஒருமனப்பட்டிருத்தல் என்பதைப் பற்றி ஒரு நல்ல பிரசங்கம் செய்தார்.

குறைகள் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சவூதியில் தம்மாமிலிருந்து ரொம்ப வருஷம் கழித்து வந்து இறங்கிய ஒருவனின் நெஞ்சில் அவன் மனைவி கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்கு நிக்கயிலயும் இதே அடிதான அடிச்சிருக்கும்," என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள். கபடி ஆடிய பிள்ளைகள் மூச்சு வாங்கத் தெரியாமல் பாதியில் நின்றார்கள். பிரசவ வலி கண்ட மனைவியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட ஒருவன், வழியில் ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கிறது என்று கேட்டு வரிசையில் நின்றுவிட்டான்; கேட்டபோது, ரெண்டும் ஒரே மாதிரிதான் தோணிச்சு என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. எந்தக் காரியத்தை முதலில் வைப்பது என்று நெஞ்சு சொல்லவில்லை.

முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் மேளம் முறுக்கி முறுக்கி அடித்தும், சாமியாடி இசக்கிமுத்து பந்தலில் வியர்வையோடு சும்மா நின்றார். நெஞ்சு ஏறாமல் சாமி ஏறாது. கொடை முடிந்த பிறகு அம்மன் கோயில் தர்மகர்த்தா, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, குருவானவர் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஐயா, ஒங்களக் கொற சொல்ல வரல. எங்க அம்மை எறங்க எடம் இல்லாம நிக்கா. அத மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார்.

குருவானவர் அவருக்கு நாற்காலி போட்டார். அதற்கு மேல் என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

இவ்வளவு நடந்தும், யாருக்காக அந்தக் கருவி வந்ததோ அந்தக் குழு மட்டும் பாடவில்லை. பாடியது என்றுதான் குழு நினைத்தது. சோப்ரானோ இழுக்கவில்லை, பேஸ் முந்தவில்லை, எல்லோரும் ஒரே நூலில் கோத்ததுபோல வரியைத் தொடங்கி ஒரே நூலில் முடித்தார்கள். கேட்கையில் தையல் மெஷின் ஓடுவதுபோல இருந்தது. ஹெப்சிபா ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்தாள்.

"என்ன டீச்சர், தப்பு ஒண்ணும் இல்லயே," என்றார் குணசீலன். பாங்கியில் காசாளர், பேஸ் வரிசையின் பெரிய குரல்.

"தப்பு இல்ல. பாட்டும் இல்ல. மூணு அடி. மொத அடி கனம். ரெண்டும் மூணும் லேசு. ஒண்ணு ரெண்டு மூணு, ஒண்ணு ரெண்டு மூணு. நீங்க ஒண்ணு ஒண்ணு ஒண்ணுன்னு பாடுதிய."

மறுபடி பாடினார்கள். மூன்று அடிக்கு ஒருமுறை கத்தினார்கள்.

"சத்தம் போடச் சொல்லல. அழுத்தம் குடுக்கச் சொன்னேன்."

"சத்தம் போடாம எப்படி டீச்சர் அழுத்த?"

ஹெப்சிபா இத்தனை வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் முதல் அடியைக் கரும்பலகையில் பெரிய வட்டமாகவும் மற்ற இரண்டையும் சின்ன வட்டமாகவும் போட்டுக்காட்டிக்கொண்டிருந்தாள். பெரிய வட்டம் என்றால் பிள்ளைகளும் கத்தத்தான் செய்தார்கள். இப்போது தொட்டிலைச் சொல்லிப் பார்த்தாள், ஒருமுறை தள்ளினால் அது தானாகப் போய்த் தானாக வருகிறதல்லவா என்று. எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள், தலையாட்டியதும் ஒரே நேரத்தில் இருந்தது. முதல் அடிக்குக் காலால் தரையைத் தட்டச் சொன்னாள். தட்டினார்கள். சோப்ரானோவின் ஒன்று நடுக்குரல் ஆல்டோவுக்கு இரண்டாகவும், பேஸுக்கு மூன்றாகவும் விழுந்து, கோயில் தரை இடைவிடாமல் அதிர்ந்தது.

"எல்லா அடியும் ஒண்ணுபோலத்தான கேக்கு. இதுல எது ஒண்ணுன்னு யாரு கண்டா?" என்றார் குணசீலன். அவர் நக்கலாகச் சொல்லவில்லை.

ஹெப்சிபாவுக்குக் கோபம் வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை ஏறிய கோபம், நெஞ்சு கூட வராததால் அங்கேயே நின்றுவிட்டது. கத்த வேண்டும்போல இருந்தது, கத்துவதற்கான வேகம் இல்லை. பாட்டுப் புத்தகத்தை விசிறியடிக்கத் தூக்கியவள், தூக்கிய கையாலேயே அதை ஒழுங்காக மூடி வைத்தாள். தும்மல் வந்து வந்து வராமல் போகிற அவஸ்தை அது. தினமும் பயிற்சிக்குப் போய், தினமும் அதே இடத்தில் நின்று, தினமும் தொண்டையில் அந்தக் கட்டியோடு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அவள் கணவன் பொன்சிங்கும், பொன்சிங்கின் அக்கா சாராளும் இருந்தார்கள். சாராள் புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள், ஆல்டோ வரிசையில் ஓரத்தில் நின்று பாடுகிறவள். மதுரையில் ஆபரேஷன் செய்து அவள் நெஞ்சுக்குள் ஒரு உலோக வால்வு வைத்திருந்தார்கள். சத்தமில்லாத அறையில் பக்கத்தில் உட்கார்ந்தால் அது டிக் டிக் என்று கேட்கும். ஊர் முழுவதும் மெட்ரோனோமின் அடிக்கு வந்த பிறகும் சாராளின் நெஞ்சு மட்டும் வரவில்லை. அது தன் பாட்டில், ஒரு சமயம் முந்தியும் ஒரு சமயம் பிந்தியும், படி ஏறினால் வேகமாகவும் ஏறி முடித்தால் மெதுவாகவும் அடித்துக்கொண்டிருந்தது. குழு மூச்செடுக்கும் இடைவெளியில் அந்த டிக் வந்து விழுந்தது.

ஒரு சாயங்காலம் எல்லோரும் இருக்கும்போதே ஹெப்சிபா சொல்லிவிட்டாள்.

"மைனி, பண்டிக முடியுந்தட்டி நீங்க பிராக்டிஸுக்கு வரவேண்டாம்."

"ஏன்?"

"ஒங்க சத்தம் எடையில எடையில விழுது."

"எந்தச் சத்தம், என் பாட்டா, என் நெஞ்சா?"

குழுவில் எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாராள் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டாள்.

"நான் சொல்லியே கேக்காத நெஞ்சு. நீ சொல்லியா கேக்கப்போவுது," என்றாள். அவள் குரல் நடுங்கியது. ஊரில் அப்போது நடுங்கத் தெரிந்த குரல் அது ஒன்றுதான்.

மறுநாள் அவள் பின்கட்டில் தனி அடுப்பு வைத்தாள். பொன்சிங் சாப்பிடும்போது, "அக்கா தனியாப் பொங்கிக்கிட்டா," என்றான். அதே குரலில், "மோட்டார் தண்ணி ஏத்த மாட்டேங்கு," என்றான். ஹெப்சிபா இரண்டுக்கும் ஒரே 'ம்' சொன்னாள். சொன்ன பிறகுதான், முதலில் சொன்னதற்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவள் புத்திக்குத் தோன்றியது. புத்திக்கு மட்டும்தான் தோன்றியது.

தர்மகர்த்தா வந்துபோன பிறகு குருவானவர் சபையைக் கூட்டி, கருவியை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தார். எளிய காரியமாகத்தான் தெரிந்தது. பயிற்சிக்குக் குழு கூடியிருந்தபோது ஹெப்சிபா ஆடுகிற கம்பியின் மேல் ஒரு விரலை வைத்தாள். டக் நின்றது. நின்றதும் குழு முழுவதும் அப்படியே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தது. தெருவில் சைக்கிள்கள் சாய்ந்தன, குழாயடியில் குடங்கள் கை நழுவின, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு நடுவில் அறுந்தது. ஹெப்சிபாவின் நெஞ்சும் நின்றதால் அவள் விரல் துவண்டு விழுந்தது. விரல் விழுந்ததும் கம்பி மறுபடி ஆடியது. எல்லோரும் மறுபடி எழுந்தார்கள். ஒரு அடிதான் விட்டுப்போயிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் கையை நீட்டவில்லை. மீன்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் மூடினார்கள். வெளியூர்க்காரர்கள் யாரையாவது கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். நிறுத்திய பிறகு எங்களைக் கிளப்புகிறது யார் என்று இன்னொருவர் கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு அந்தச் சம்பவம் நடந்தது. உப்பளத்தில் வேலை செய்கிற பேச்சியம்மாளின் மகள், நடக்கப் பழகி ஓடப் பழகாத குழந்தை, கரையோரம் விளையாடிக்கொண்டிருந்து உப்புநீர் இறைக்கும் கிணற்றில் வழுக்கி விழுந்தது. விழுந்ததைப் பலகையோடு நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். பேச்சியம்மாளும் பார்த்தாள். எல்லோரும் பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றை நோக்கி நடந்தார்கள். உப்பு ஏற்ற வந்து அப்போதுதான் கதவைத் திறந்து இறங்கிய லாரி டிரைவர் ஒருவன், ஊரின் அடி இன்னும் தன்மேல் படியாதவன், அவர்களை முந்திக்கொண்டு ஓடிப் போய்க் குதித்துக் குழந்தையைத் தூக்கினான். குழந்தை பிழைத்தது.

பேச்சியம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குருவானவர் வீட்டுக்கு வந்தாள். ஹெப்சிபாவும் அப்போது அங்கே பண்டிகைக் காரியமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள விழுந்தத நான் பாத்தேன் ஐயா," என்றாள் பேச்சியம்மாள். "பாத்துட்டு நடந்தேன்."

குருவானவர் ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

"புள்ள பொழச்சிட்டு. அதுக்கு வரல. நான் நடந்தேன். ஓடணும்னு தெரியுது, காலு ஓட மாட்டேங்கு. கடக்கிப் போறமாதிரி நடந்தேன். எனக்கு அழுக கூட வரல. இத நிப்பாட்டுங்க. இல்ல, நான் ஊர விட்டுப் போறேன்."

அவள் இதை எல்லாம் உப்பு விலை சொல்கிற குரலில் சொன்னாள். ஹெப்சிபாவால் அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. தாங்க முடியாததைக் காட்டவும் முடியவில்லை. அவள் நேரே வீட்டுக்கு வந்து பின்கட்டுக்குப் போனாள். சாராள் அடுப்பில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"மைனி, ஒரு காரியம் கேக்கணும்."

"கேளு."

"அந்தக் கம்பியப் பிடிச்சு நிப்பாட்ட ஒங்களாலதான் முடியும். எங்க யாரு பிடிச்சாலும் எங்க கை விழுந்துரும்."

சாராள் ரசத்தை மூடினாள். "எடையில விழுத சத்தம் வேண்டாம்னு சொன்னவ நீ."

"ஆமா. சொன்னேன்."

"சொன்னதுக்கு ஒனக்கு வருத்தமா இருக்கா?"

ஹெப்சிபா பொய் சொல்லவில்லை. "வருத்தமா இருக்கணும்னு தெரியுது மைனி. வரல. வந்தா நெஞ்சு அடச்சிக்கிடும்லா, அது அடைக்கல. அதான் எனக்கு ஆத்திரமா இருக்கு. அந்த ஆத்திரமும் வரமாட்டேங்கு."

சாராள் முக்காலியைத் தள்ளிவிட்டாள், உட்காரு என்று.

"நான் பிடிச்சிருவேன். ஆனா நிப்பாட்டினா நின்ன நெஞ்சு எப்படிக் கெளம்பும்? நின்னது நின்னதாப் போச்சுன்னா?"

"பாட்டால கெளப்பலாம்னு நெனக்கேன். நிக்கித அடிக்கு அடுத்த அடியில எல்லாரும் மொத அடிய வைக்கணும். ஆனா அந்த மொத அடிதான் அவங்களுக்கு வரல. அழுத்தச் சொன்னா கத்துதாங்க."

"என்னைய ஆபரேஷன் பண்ணயில நெஞ்ச நிப்பாட்டி வச்சுத்தான் தச்சாங்க," என்றாள் சாராள். "முழிச்ச பொறவு டாக்டர்ட்ட கேட்டேன், எப்படி சார் மறுபடி ஓட வச்சியன்னு. கரண்டு குடுத்தியளா, அமுக்குனியளான்னு. ஒண்ணும் செய்யல, ரத்தத்த விட்டுட்டுக் காத்துக்கிட்டு நின்னோம்னார். அந்தக் கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசலயாம். பொறவு ஒரு அடி விழுந்துச்சாம். அந்த மொத அடிய எந்த டாக்டரும் மறக்க மாட்டாருன்னு சொன்னார். சத்தமான அடி இல்ல. எல்லாரும் காத்திருந்த அடி."

ஹெப்சிபா முக்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் ஒன்றைப் பெரிதாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கவனிக்க வேண்டியது மூன்றை என்று அப்போது புரிந்தது. மூன்றாவது அடி ஒதுங்கி, மூச்சை இழுத்து, இடத்தைக் காலியாக வைத்துக் காத்திருந்தால், ஒன்று தானாகக் கனத்தோடு வந்து உட்காரும்.

புரிந்ததைச் சொல்லிக்கொடுக்கத்தான் முடியவில்லை. கோயில் கதவுகளைத் திறந்துவைத்து, வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டி, ஊர் முழுவதையும் உட்காரவைத்துச் சொன்னாள். கொடைக்கு மேளம் அடிக்கிறவர்களும் வந்து வளாகத்தில் உட்கார்ந்தார்கள், இசக்கிமுத்துவும் வந்தார். "ஒண்ண அழுத்தாதிய. மூணுல காத்திருங்க," என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள். காத்திருக்க அந்தக் கருவி விடவில்லை. யாரும் ஆசைப்படுவதற்கு முன்பே அடுத்த அடி வந்து நின்றது, வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தெரிந்த ஒன்றுக்கு யார் காத்திருப்பது. ஒருநாள்கூட, ஒரு வரிகூட, அவள் கேட்ட மாதிரி வரவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் குணசீலன், "டீச்சர், நாளைக்கு வந்துருமா," என்று கேட்டார். "தெரியல," என்றாள். பேச்சியம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

படுக்கையில் கிடந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் யோனாவின் நெஞ்சு அந்தக் கருவியால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பாக்கியமணிக்குத் தெரியும். அவர் மகன்களிடம் போய்ச் சொன்னாள். அவர்கள் அப்பாவிடம் கேட்டார்கள். "நிப்பாட்டச் சொல்லு," என்றார் அவர். "எனக்கும் அலுத்துப்போச்சு."

பண்டிகையன்று காலையில் பேராயர் வந்தார். குருவானவர் அவருக்கு விஷயத்தைச் சொன்னார். அவர் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு, சரி, ஆராதனை முறைமையில் எந்த இடத்தில் வருகிறது என்று மட்டும் கேட்டார். கோயில் நிறைந்து, வளாகம் நிறைந்து, தெருவும் நிறைந்திருந்தது. தாய்மார்கள் பிள்ளைகளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், கைப்பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுப்பது, தாயின் நெஞ்சு கிளம்பினால் அதுவும் கிளம்பும் என்ற நம்பிக்கையில். பஸ்களைப் பைபாஸிலேயே நிறுத்திவிட்டார்கள். மீன்தொட்டியை எடுத்தார்கள். சாராள் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், பண்டிகைக்கென்று எடுத்த நீலச் சேலையில்.

ஹெப்சிபா கையைத் தூக்கினாள். அந்த டக்கோடு சேர்ந்து ஒன்று, இரண்டு என்று உதட்டால் எண்ணினாள். மூன்றுக்கு மூச்சை இழுத்தாள், ஊரும் இழுத்தது. சாராள் கம்பியைப் பிடித்தாள்.

நின்றது.

ஹெப்சிபாவின் கை காற்றில் இருந்தது. அதை இறக்க அவளுக்குத் தெம்பில்லை, விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது அவள் இல்லை, மூன்றில் ஊர் இழுத்த மூச்சு; இந்தத் தடவை யாரும் சரியவில்லை. கோயிலுக்குள் உப்புக்காற்று வந்தது. எங்கும் ஒரு சத்தமும் இல்லாததால் சாராளின் வால்வு கடைசி பெஞ்சுவரை கேட்டது, டிக் என்று, அவசரமாக, பயந்துபோய். ஹெப்சிபா சாராளின் முகத்தைப் பார்த்தாள். தான் பிடித்திருப்பது கம்பியை அல்ல, ஊரை என்று தெரிந்தவளின் முகம் அது; அழுதுகொண்டே, விடாமல் பிடித்திருந்தாள். இந்தப் பெண்ணையா எல்லோர் முன்னாலும் வெளியே போகச் சொன்னேன் என்று ஹெப்சிபா நினைத்தாள். அடுத்த அடி வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வரவேண்டும் என்று மட்டும் இருந்தது. அவ்வளவு பேர் சேர்ந்து ஒன்றுக்காகக் காத்திருந்ததை அந்த ஊர் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

பிறகு ஹெப்சிபாவின் விலாவுக்குள் ஒரு அடி விழுந்தது. வலித்தது. கை இறங்கியது.

'உப்பு' என்று பாட்டு தொடங்கியது. சேர்ந்து தொடங்கவில்லை. சிலருக்கு முந்தி வந்தது, சிலருக்குப் பிந்தி வந்தது. குணசீலனுக்கு முந்தியே வந்தது. சோப்ரானோ வரிசையில் இருமினார்கள், அழுதார்கள், அழுதுகொண்டே வரியைப் பிடித்தார்கள், பிடித்ததை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் முதல் அடி, கரையில் படகு வந்து தட்டுவதுபோல, கனமாக வந்து தட்டியது. யாரும் அதற்காகக் கத்தவில்லை. வெளியே பிள்ளைகள் வீறிட்டன. இசக்கிமுத்துவின் தோள்கள் உதற ஆரம்பித்தன, இடம் பொருள் பார்க்காமல்; பக்கத்தில் நின்றவர்கள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள், குருவானவர் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தார். பேச்சியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய், எந்தக் காரணமும் இல்லாமல் கோயிலைச் சுற்றி ஓடினாள். மூச்சிரைக்க இரண்டாவது சுற்றும் ஓடினாள். யாரும் அவளை நிறுத்தவில்லை.

யோனா ஐயாவின் நெஞ்சு மட்டும் கிளம்பவில்லை. அவருடைய மகன்கள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு தெருவுக்குக் கேட்கும்படி அழுதார்கள்.

பாட்டு முடிந்ததும் சாராள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கம்பி சாய்ந்த பக்கம் சாய்ந்தபடி கிடந்தது.

ஆராதனை முடிந்து சபையார் சேர்ந்து உண்ணும் அசனச் சாப்பாட்டுக்குப் பந்தல் போட்ட இடத்துக்கு எல்லோரும் நகர்ந்தபோது, பேராயர் ஹெப்சிபாவிடம் வந்து, "பாட்டு நல்லா இருந்தது டீச்சர். கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும்," என்றார். அவர் போனதும் குணசீலன் வந்து, "டீச்சர், நான் எங்கயும் முந்தலயே," என்றார். ஹெப்சிபாவின் காது மடல் சூடாகியது. பல நாளாகத் தொண்டையில் நின்ற அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பி வந்தது; வாயைத் திறந்தால் என்ன சொல்வோம் என்று அவளுக்கே பயமாக இருந்ததால், விடுவிடுவென்று நடந்து கோயிலின் பின்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

சாராள் தேடிக்கொண்டு வந்தாள்.

"சாப்பிட வா. பந்தி போட்டாச்சு."

"நான் வரல. எனக்குக் கோவமா இருக்கு மைனி."

"யாரு மேல?"

"எல்லாரு மேலயும். அந்தக் குணசீலன் மேல. பேராயர் மேல. இவ்வளவு பாடுபட்டும் கடைசி வரிய அந்தப் பொம்பளைங்க எப்படி இழுத்தாங்க, கேட்டியளா? அவங்க மேல. ஒங்க மேலயும்தான்."

"என் மேல எதுக்குட்டி?"

"ஒரு வார்த்த சொன்னேன்னு தனி அடுப்பு வச்சியள்லா. என்னைய ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்லா." குரல் உடைந்தது. "நான் சொன்னது பெரிய தப்பு மைனி. எனக்கு இப்பத்தான் வலிக்கி."

சாராள் சேலையை ஒதுக்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, கோவப்படு," என்றாள். "மெதுவாவே கோவப்படு. நான் இருக்கேன்."

பந்தலிலிருந்து இலை போடுகிற சத்தமும், சோறு கேட்கிற குரல்களும், யாரோ யாரையோ திட்டுகிற சத்தமும் வந்தன. முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்தது. ஹெப்சிபாவின் கோபம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.